மேட்டு நிலமும் நீதியும்

ஒரு வாய்க்காலுக்கு நீர் கொண்டுவருவதற்கு இரு திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. முதலாவது, ஆற்றின் மேற்புறத்தில் அணை கட்டி, நீரைப் பெரும்பாலும் அதன் இயல்பான போக்கிலே ஓடவிட்டு, இடையே குறுக்கிடும் மேட்டைத் தாண்டுவதற்கு மட்டும் பொறிகளைக் கொண்டு இறைப்பது. இரண்டாவது, ஆற்றின் கீழ்ப்புறத்தில் அணை கட்டி, அங்கிருந்து நீரைப் படிப்படியாக மேலேற்றுவது. இவ்விரண்டில் எது சிறந்தது? உயரம், தூரம், நீரளவு, மின்வலு, செலவு ஆகியவை தெரிந்தால் விடை தானே வந்துவிடும். இது பொறியியலாளரின் அலுவல். மற்றையோருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் பலர்.

அவர்கள் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. கணக்குத் தொடங்குவதற்கு முன்னரே சில தீர்ப்புகள் செய்யப்பட்டுவிடுகின்றன. எவற்றைக் கணக்கிற் சேர்ப்பது, எவற்றை விடுவது? யாருடைய இழப்பை யாருடைய ஆதாயத்தாற் சமன்செய்வது? கணக்குப் பிழைத்தால் அதன் சுமையை யார் தாங்குவது? இவ்வினாக்களுக்கு அளவுகோலும் தராசும் விடை தருவதில்லை. இவை அறத்தின் பாற்பட்டவை. அறத்தின் பாற்பட்ட வினாக்கள் கணக்கின் உடையை அணிந்துவரும்போது அவற்றை அடையாளங் காண்பது எளிதன்று. அதனாலேயே அவற்றை ஆராய்வது நமது கடமையாகின்றது.

நாம் கூறிய இரு திட்டங்களும் கற்பனையல்ல. தெலுங்கானாவிலே கோதாவரி நீரைப் பற்றி எழுந்தவை அவை. அவற்றையே எடுத்துக்கொண்டு நம் வினாவை ஆராய்வோம்.

கோதாவரியும் கிருஷ்ணையும் தெலுங்கானாவை ஒட்டியும் ஊடறுத்தும் ஓடுகின்றன. எனினும் ஆறு பள்ளத்திலும் வயல் மேட்டிலுமாக அந்நாடு அமைந்துள்ளது. கடலோரத்துச் சமவெளியின் நிலை வேறு. 1847 முதல் 1852 வரையான காலத்தில் ஆர்தர் கொட்டன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் தவளேசுவரத்தில் அணை கட்டுவித்தார். அதன்பின் கோதாவரிக் கழிமுகத்து வயல்களுக்கு நீர் தன் பாரத்தாலேயே பாய்ந்தது. மேட்டு நிலத்து உழவனோ, காகதீய மன்னர் காலத்துக் குளங்களையும் கிணறுகளையும் மழையையும் நம்பியிருந்தான். 1946 முதல் 1951 வரை நிகழ்ந்த தெலுங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் நிலத்திற்காகவும் கட்டாய ஊழியத்திற்கு எதிராகவும் எழுந்ததென்பதை நம் வாசகர் அறிவர். நிலம் ஓரளவு கைக்கு வந்த பின்னரும் நீர் வரவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டக் கடன்பட்டு, கிணறு வற்றக் கடன் மட்டும் எஞ்சி, உயிரை மாய்த்துக்கொண்ட உழவர் அங்கே பலர். 2014 யூன் 2ஆம் நாள் தனி மாநிலம் பிறந்தது. அதற்கு முந்திய இயக்கத்தின் முழக்கம் நீர், நிதி, வேலைவாய்ப்பு என்னும் மூன்றாகும். அம்மூன்றிலும் நீரே முதலில் நின்றது.

ஆகவே, “நீர் பள்ளத்திற்குத்தான் பாயும், மேட்டில் இருப்பவன் தன் விதியை நொந்துகொள்ளட்டும்” என்று எவரேனும் கூறின், நாம் அதனை மறுப்போம். நீர் பள்ளம் நோக்கிப் பாய்வது இயற்கையின் விதி. பள்ளத்தில் இருப்பவன் மட்டும் மும்முறை விளைவிக்க வேண்டும் என்பது இயற்கையின் விதியன்று. தாழ்ந்த நிலம் உடையவனுக்கு அதனால் எத்தகைய தகுதியும் வந்துவிடவில்லை. மேட்டில் உழுபவன் எக்குற்றமும் புரியவில்லை. பிறந்த இடத்தின் உயரம் ஒருவனுடைய வாழ்வைத் தீர்மானிக்குமாயின், பிறந்த குலம் அதனைத் தீர்மானிப்பதை எவ்வாறு கண்டிப்போம்? நிலவமைப்பு விளைத்த ஏற்றத்தாழ்வைப் பொதுமுயற்சியாற் குறைப்பது சமுதாயத்தின் கடன். நீரை மேலேற்றுதல் என்பது, கொள்கையளவில், நீதியின் செயலே.

எனினும் நீர் இலவசமாக ஏறுவதில்லை. இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். இந்தியாவில் நீரை டி. எம். சி. என்னும் அளவாற் கூறுவர். ஒரு டி. எம். சி. என்பது நூறு கோடி கன அடி. அதன் நிறை ஏறத்தாழ 2.8 கோடி தொன். இதனை 500 மீற்றர் உயர்த்துவதற்கு, பொறிகளிலும் குழாய்களிலும் ஏற்படும் விரயத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ 5 கோடி அலகு மின்சாரம் வேண்டும். ஒரு டி. எம். சி. நீர் ஏறக்குறைய 10,000 ஏக்கருக்குப் பாயும் என்று கொள்வது வழக்கம். அவ்வாறாயின் ஓர் ஏக்கருக்கு 5,000 அலகு ஆகின்றது. மாதம் 100 அலகு செலவிடும் ஓர் எளிய குடும்பம் அதனைக் கொண்டு நான்கு ஆண்டுகளுக்கு மேல் விளக்கெரிக்கலாம். எல்லா நீரும் 500 மீற்றர் ஏறுவதில்லை என்பது உண்மை. ஆயினும் உயரம் கூடுந்தோறும் செலவு எவ்விகிதத்திற் கூடும் என்பதை இக்கணக்கு உணர்த்தும். அணைக்கு ஒருமுறை செலவிட்டால் போதும். ஏற்றத்திற்கோ ஆண்டுதோறும், பயிர்தோறும் செலவிட வேண்டும்.

இனி அவ்விரு திட்டங்களுக்கு வருவோம்.

வார்தா, வைன்கங்கை ஆகிய ஆறுகள் கூடுமிடத்திற் பிறக்கும் பிராணஹிதா, காளேசுவரம் என்னும் ஊரருகே கோதாவரியிற் கலக்கின்றது. பிரிக்கப்படாத ஆந்திரத்தின் அரசு 2007இல் வகுத்த பிராணஹிதா – சேவெள்ளாத் திட்டம், பிராணஹிதாவின் மேற்புறத்திலே, தும்மிடிஹெட்டி என்னுமிடத்தில் கதவணை கட்டி, 160 டி. எம். சி. நீரைத் திருப்பி, 16.40 இலட்சம் ஏக்கருக்குப் பாய்ச்சக் கருதிற்று. அங்கு கதவணையின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 152 மீற்றராக இருக்க வேண்டுமெனக் குறிக்கப்பட்டது. நீர் சென்று சேரவேண்டிய எல்லம்பல்லி நீர்த்தேக்கத்தின் மட்டம் 148 மீற்றர். இரண்டும் ஏறத்தாழ ஒரே மட்டமாதலின், நீர் பெரும்பகுதி தூரம் தானாகவே ஓடும். இடையிலுள்ள மேட்டிற்கு மட்டும் ஏற்றம் வேண்டும். ஆயின் 152 மீற்றர் உயரத்திற்கு நீரைத் தேக்கினால் மகாராட்டிரத்தின் நிலங்கள் மூழ்கும். அம்மாநிலம் அதற்கு இணங்கவில்லை. அவ்விடத்தில் வேண்டிய அளவு நீர் கிடைக்குமா என்ற ஐயத்தை மத்திய நீர் ஆணைக்குழு 2015இல் எழுப்பிற்று.

புதிய மாநில அரசு திட்டத்தை மாற்றியமைத்தது. பிராணஹிதா கலந்தபின் கோதாவரியில் நீர் மிகுதி. அச்சங்கமத்திற்குக் கீழே மேடிகட்டா என்னுமிடத்திற் கதவணை கட்டுவதென முடிவாயிற்று. அங்கு நீர்மட்டம் 100 மீற்றர். அங்கிருந்து அன்னாரத்திற்கும், அன்னாரத்திலிருந்து சுந்தில்லாவிற்கும், சுந்தில்லாவிலிருந்து எல்லம்பல்லிக்கும் நீரை ஏற்ற வேண்டும். சுருங்கக் கூறின், கோதாவரியை மூன்று படிகளிற் பின்னோக்கி நடக்கச் செய்ய வேண்டும். இதுவே காளேசுவரம் ஏற்று நீர்ப்பாசனத் திட்டம். 2019 யூன் 21ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. எல்லம்பல்லிக்கு மேலும் நீர் படிப்படியாக ஏறி, மல்லண்ணசாகர் நீர்த்தேக்கத்தையும், 618 மீற்றர் உயரத்திலுள்ள கொண்டபோச்சம்மசாகரையும் அடையுமாறு அமைக்கப்பட்டது.

ஒப்பீடு செய்வோர் இங்கே நேர்மையாக இருத்தல் வேண்டும். எல்லம்பல்லிக்கு மேலே செல்லும் ஏற்றம் முதல் திட்டத்திலும் இருந்தது. அது காளேசுவரத்தோடு பிறந்ததன்று. வேறுபாடு பெரிதும் கீழ்ப்பகுதியிலேயே உள்ளது. நீர் குறைவாயினும் எளிதாக வரும் இடம் ஒன்று; நீர் மிகுதியாயினும் ஆண்டுதோறும் விலைகொடுத்து ஏற்றவேண்டிய இடம் மற்றொன்று. இவற்றிடையே தேர்ந்தெடுப்பது உண்மையிலேயே கடினமானது. இரண்டாவதைத் தேர்ந்தவர் எல்லாரும் தீயவர் என்றோ, முதலாவதை ஆதரிப்போர் எல்லாரும் தூயவர் என்றோ நாம் கூறவில்லை. முதலாவது திட்டம் மகாராட்டிர உழவனின் நிலத்தை மூழ்கடித்திருக்கும். இரண்டாவதும் அக்கரையிலுள்ள சிரோஞ்சாப் பகுதி உழவரை வெள்ளத்தால் வருத்தியது. எந்தத் திட்டத்திலும் எவரோ ஒருவரின் நிலம் நீரின் அடியிற் போகின்றது.

நமது கேள்வி, கடினமான தேர்வு எவ்வாறு செய்யப்பட்டது என்பதாகும்.

பெருந் திட்டங்களை மதிப்பிடுவோர் நன்மை – செலவு விகிதம் என்னும் கருவியைப் பயன்படுத்துவர். திட்டத்தால் விளையும் நன்மையைப் பணத்தாற் கணித்து, அதனைச் செலவால் வகுத்தல் வேண்டும். விடை ஒன்றுக்கு மேற்பட்டால் திட்டம் தக்கது; குறைந்தால் தகாதது. இக்கருவி நீர்த்திட்டங்களோடு சேர்ந்தே வளர்ந்தது. 1936இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இயற்றப்பட்ட வெள்ளத் தடுப்புச் சட்டம், நன்மை எவரைச் சென்றடைந்தாலும் சரி, அது செலவை விஞ்சினால் அரசு அவ்வேலையில் ஈடுபடலாம் என விதித்தது. 1939இல் கல்டோர், ஹிக்ஸ் என்னும் பொருளியலாளர் இருவர் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தனர். ஒரு மாற்றத்தால் ஆதாயம் பெற்றவர், நட்டமடைந்தவருக்கு ஈடுசெய்த பின்னும் மிச்சம் பெறக்கூடியவராயின், அம்மாற்றம் நன்று என்பது அவர்தம் கொள்கையின் சாரம். அவர் உண்மையில் ஈடுசெய்ய வேண்டுமென்பதில்லை. செய்யக்கூடியவராக இருந்தாற் போதும்!

இங்கேதான் அறத்தின் சிக்கல் மறைந்திருக்கின்றது. “எவரைச் சென்றடைந்தாலும் சரி” என்னும் கருத்து மேற்பார்வைக்கு நடுநிலையானது. ஆயின் ஆயிரம் ஏக்கர் உடையவனின் ஆதாயத்தையும், குடிசை இழந்த கூலியாளின் நட்டத்தையும் ஒரே நிரலில் கூட்டிக் கழிப்பது அக்கருத்தாலேயே இயலுவதாகின்றது. கூட்டல் முடிந்ததும் மனிதர் மறைந்துவிடுவர். தொகை மட்டும் நிற்கும். ஒருவன் பசியோடிருக்க மற்றொருவன் இருமடங்கு உண்டால், சராசரியில் இருவரும் உண்டவரே.

காளேசுவரத்தின் விகிதம் 1.51 எனத் திட்ட அறிக்கை கூறிற்று. 2024 பெப்ரவரியில் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்ட இந்தியக் கணக்காய்வாளர் தலைமையதிபதியின் அறிக்கை, அது மிகைப்படுத்தப்பட்டதெனக் கண்டது. சரியாகக் கணித்திருந்தால் தொடக்கத்திலேயே 0.75 ஆக இருந்திருக்கும். பின்னைய செலவுகளையும் சேர்த்தால் 0.52 ஆகும் என அது கூறிற்று. ஒரு ரூபா செலவிட்டால் ஐம்பத்திரண்டு சதமே திரும்பும் என்பது இதன் பொருள். ஏறத்தாழ 80,000 கோடி ரூபாவென மதிக்கப்பட்ட செலவு 1,47,000 கோடியைத் தாண்டக்கூடும் எனவும், முழுமையாக இயங்கின் மின்சாரத்திற்கு மட்டும் ஆண்டுதோறும் 10,000 கோடி ரூபாவுக்கு மேல் வேண்டும் எனவும் அவ்வறிக்கை காட்டிற்று.

1.51 என்பதற்கும் 0.52 என்பதற்கும் உள்ள தூரத்தை வெறும் எண்பிழையாக நாம் கருதலாகாது. பணமாக மாற்றக்கூடிய செலவுகளிலேயே இத்தனை மறைந்திருந்தால், பணமாக மாற்றமுடியாதவற்றின் நிலை என்ன?

அந்தக் கணக்கில் இடம்பெறாதவர் சிலரை எண்ணிப் பார்ப்போம். முதலில் வருபவன் நிலமற்ற கூலியுழவன். நீர்த்தேக்கங்களுக்கு நிலம் வேண்டியபோது, 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தின் நீண்ட நடைமுறையைத் தவிர்த்து, நிலத்தை நேரே விலைக்கு வாங்கும் வகையில் 2015இல் 123ஆம் இலக்க அரசாணை பிறந்தது. நிலம் உடையவனுக்கு விலை கிடைத்தது. அந்நிலத்தில் உழைத்தவனுக்கு? விற்பதற்கு அவனிடம் எதுவுமில்லை. எனவே ஆணையின் கண்களுக்கு அவன் தென்படவுமில்லை. கூலித் தொழிலாளரே நீதிமன்றம் சென்றனர். 2016 ஓகஸ்டில் உயர்நீதிமன்ற நீதியரசர் ஒருவர் அவ்வாணையை இரத்துச் செய்தார். பின்னர் மேன்முறையீடுகளும் புதிய ஆணைகளும் தொடர்ந்தன. மல்லண்ணசாகரின் நீர்ப்பரப்பில் மூழ்கவிருந்த வேமுலகட்டு முதலிய ஊர்களின் மக்கள் நெடுநாள் போராடினர். இறுதியில் ஊர்கள் மூழ்கின. உழவனுக்கு நீர் தருவதற்காக உழவன் ஊரையிழந்தான். இவ்விரு உழவரும் கணக்கேட்டில் ஒரே பெயரைப் பெறுவதால், ஒருவன் பெற்றது மற்றவன் பெற்றதாகிவிடுமா?

அடுத்து, பொறியை இயக்கும் மின்சாரத்தை ஆக்குபவன். தெலுங்கானாவின் மின்சாரத்திற் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவது. அதே கோதாவரிப் பள்ளத்தாக்கிலே, சிங்கரேணிச் சுரங்கங்களில் அந்நிலக்கரி வெட்டப்படுகின்றது. ஆற்றை மேடேற்றுவதற்கு நிலத்தின் வயிறு கீறப்படுகின்றது. அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மூச்சு எந்த நிரலிலும் இல்லை. அதன் பின்னர் வருபவர் இன்னும் பிறவாதவர். திட்டம் பெரிதும் கடன் பணத்தாற் கட்டப்பட்டது. கடனையும் வட்டியையும் இறுப்பதற்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாவும் பாடசாலைக்கோ மருத்துவமனைக்கோ செல்லாத ரூபாவாகும்.

மூன்றாவதொரு வழி ஒப்பீட்டில் உரிய இடம் பெற்றதா என்பதும் கேட்கத்தக்கது. காகதீயர் 13ஆம் நூற்றாண்டில் அமைத்த இராமப்பா, பாகால் முதலிய ஏரிகளும், அவர் வழிவந்த எண்ணற்ற சிறு குளங்களும் தெலுங்கானாவின் பழஞ்செல்வம். அதே அரசு 2015இல் தொடங்கிய ‘மிஷன் காகதீயா’, 46,000க்கு மேற்பட்ட குளங்களைத் தூர்வாரிச் செப்பனிடக் கருதியது. அத்திட்டத்தை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். குளம் விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே தாங்குவது. அதற்கு மின்சாரம் வேண்டாம். பழுதுற்றால் ஊரவரே கூடிச் செப்பனிடலாம். மழை பொய்த்தால் குளமும் வற்றும் என்பது மெய். ஆதலின் குளம் மட்டும் போதுமென்று நாம் வாதிடவில்லை. குளத்தால் எவ்வளவு இயலும், கிணற்றைக் காப்பதால் எவ்வளவு இயலும், எஞ்சியதற்கு எவ்வளவு ஏற்றம் வேண்டும் என்னும் ஒழுங்கிலே வினா எழுந்திருக்க வேண்டும். பெரிய திட்டம் முதலில் முடிவாகிவிட்டால், சிறியது அதற்கு அணியாகவே எஞ்சும்.

நடந்தது என்ன? 2022 யூலை வெள்ளத்தில் மேடிகட்டாவின் நீரேற்று நிலையமும் அன்னாரத்தினுடையதும் நீரில் மூழ்கின. 2023 ஒக்டோபர் 21ஆம் நாள் மேடிகட்டாக் கதவணையின் ஏழாம் பகுதியில் தூண்கள் தாழ்ந்தன. திட்டமிடல், வடிவமைப்பு, தரக்கட்டுப்பாடு, பராமரிப்பு ஆகிய அனைத்திலும் குறைபாடுகள் உண்டெனத் தேசிய அணைப் பாதுகாப்பு அதிகாரசபை அறிக்கையிட்டது. கதவுகள் திறந்துவிடப்பட்டன, தேக்கிய நீர் கடலை நோக்கிச் சென்றது. ஆட்சி மாறியது. முன்னாள் உச்சநீதிமன்ற நீதியரசர் பினாகி சந்திர கோஸ் தலைமையில் 2024இல் அமைந்த விசாரணை ஆணைக்குழு 2025 யூலை இறுதியில் தன் அறிக்கையைக் கையளித்தது. முன்னைய ஆட்சியினர் அதன் முடிவுகளை மறுத்தனர். 2024ஆம் ஆண்டின் மழைப் பருவத்தில், கதவணைகளில் நீர் தேங்காத நிலையிலும், நெல் விளைச்சல் முன்னெப்போதுமில்லாத அளவை எட்டியதெனப் புதிய அரசு அறிவித்தது. நல்ல மழை பெய்த ஒரே ஆண்டைக் கொண்டு திட்டம் வேண்டாததென முடிவுகட்டுவதும் நேர்மையாகாது. வறட்சியாண்டிலேயே ஏற்றத்தின் தேவை தெரியும். குற்றவாளி யார் என்பதைத் தீர்ப்பது நமது நோக்கமன்று. அதற்கு மன்றங்கள் உள. கட்சிகள் குற்றத்தை ஒன்றன்மேலொன்று ஏற்றும் ஆரவாரத்திலே ஒப்பீடு என்பது என்ன என்னும் மூலவினா அமிழ்ந்துபோகாதிருக்க வேண்டும் என்பதே நமது கவலை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலிமையுள்ள மறுப்பு. எழுப்புவோரும் நம் நண்பர்களே. “உழவன் இன்று சாகின்றான். நீங்களோ எல்லாரையும் கேட்டு, எல்லாவற்றையும் எண்ணி, அதன்பின் நீர் கொடுப்போம் என்கிறீர்கள். மேட்டு நிலத்தான் நூறாண்டு காத்திருந்தது போதாதா? கணக்குப் பார்ப்பது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு.” இதிலுள்ள சினம் நியாயமானது. காலதாமதமும் ஒரு கொடுமையே. ஆராய்ச்சியின் பெயரால் ஏழைகளின் உரிமை ஒத்திப்போடப்பட்டதை வரலாறு நெடுகக் காண்கின்றோம்.

ஆயினும் அவசரம் யாருக்குரியது என்று பிரித்தறிய வேண்டும். உழவனின் அவசரம் நீருக்கானது. ஆட்சியாளரின் அவசரம் திறப்புவிழாவுக்கானதாகவும் ஒப்பந்தக்காரரின் அவசரம் பட்டியலுக்கானதாகவும் இருக்கலாம். இம்மூன்றும் ஒரே குரலிற் பேசும்போது உழவனின் குரலே முன்னே நிறுத்தப்படுகின்றது. மூன்றாண்டிற் கட்டிமுடித்த வேகம் உலகெங்கும் வியக்கப்பட்டது. திறந்து ஐந்தாண்டு நிறையுமுன் தூண் தாழ்ந்தது. கேட்டு எண்ணிச் செய்வதற்குச் செல்லும் காலத்தைக் காட்டிலும், கேளாது செய்ததைத் திருத்துவதற்குச் செல்லும் காலம் அதிகம். அக்காலத்தையும் காத்திருந்து கழிப்பவன் மேட்டு நிலத்து உழவனே. ஆதலின் ஒப்பீடு உழவனுக்கு எதிரான ஆடம்பரமன்று, அவனுக்குரிய பாதுகாப்பு.

நம்மவரிடையே உள்ள ஒரு மயக்கத்தையும் குறிப்பிட வேண்டும். பேரணைகளும் பெருவாய்க்கால்களும் மனிதன் இயற்கையை வென்றதன் சின்னங்களாக முற்போக்காளரைக் கவர்ந்துவந்துள்ளன. இயற்கையின் கொடுமைக்கு மனிதன் தலைவணங்க வேண்டியதில்லை என்னும் நம்பிக்கை நல்லது. அதனை நாம் கைவிடலாகாது. ஆனால் பருமனையே முன்னேற்றமெனக் கொள்வது வேறு. பேரணைகளைப் புதிய இந்தியாவின் கோயில்கள் எனப் போற்றிய நேருவே, 1958இல், பெரிதாகச் செய்ய வேண்டுமென்பதற்காகவே பெரிதாகச் செய்யும் மோகத்தை ஒரு நோயெனக் கண்டித்தார். அடுத்தவன் தோளில் ஏறி நின்று எட்டிய உயரத்தை வெற்றியெனக் கொண்டாடுவது சமதர்மமாகாது.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் முன்னர் துலா மிதித்துப் பட்டையால் நீரிறைத்த முறையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மிதித்தவனும் இறைத்தவனும் பாத்தி கட்டியவனும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். எத்தனை பட்டை நீர் எத்தனை வாழைக்குப் போதும் என்பதை அவர்களின் கால்களும் கைகளும் அறிந்திருந்தன. அக்கடும் உழைப்பு மீள வேண்டுமென நாம் விரும்பவில்லை. இயந்திரம் மனிதனின் முதுகை நிமிர்த்தியது. அதே இயந்திரத்தால் அளவின்றி இறைத்தபோது சுண்ணக்கல்லின் கீழிருந்த நன்னீர் உவர்ப்படைந்ததையும் நாம் கண்டோம். துலாவிலே நீரின் விலையை அறிந்தவனும் நீரைப் பயன்படுத்தியவனும் ஒருவனே. பொறி பெரிதாகுந்தோறும் இவ்விருவரும் ஒருவரை விட்டு ஒருவர் விலகுகின்றனர். காளேசுவரத்திலே நீரைப் பெறுபவன் ஓரிடத்தில். விலையைச் செலுத்துபவன் வேறிடத்தில். முடிவு செய்பவன் இருவருக்கும் எட்டாத இடத்தில். அறிவும் பயனும் பொறுப்பும் இவ்வாறு பிரிந்துபோனதே கணக்குப் பிழைத்ததன் வேர் என்பது நமது கருத்து.

பிரிந்தவற்றை மீண்டும் இணைப்பது எப்படி? பழைய துலாவால் இயலாது, குடியாட்சியால் இயலும். திட்டங்களை ஒப்பிடும் ஏடுகள், முடிவு எடுக்கப்படுமுன், மக்களின் மொழியில் மக்களின் முன் வைக்கப்பட வேண்டும். தும்மிடிஹெட்டியா மேடிகட்டாவா என்பதை ஆதிலாபாத்து உழவனும் சிரோஞ்சா மீனவனும் விளங்கிக்கொள்ள முடியாதென்று எண்ணுவது, எழுத்தறிந்தவரின் செருக்கு. ஆற்றின் போக்கை அவர்களைவிட நன்கறிந்தவர் எவர்? மேலும், கணக்கு தொகையாக மட்டுமன்றி மனிதர்வாரியாகவும் எழுதப்பட வேண்டும். யார் பெறுவர், யார் இழப்பர், இழப்போர் எத்தகையோர் என்பது ஒவ்வொரு திட்டத்தின் முகப்பிலும் இருத்தல் வேண்டும். இழப்பவன் ஏற்கெனவே வறியவனாயின், அவனுக்கு ஈடுசெய்யக்கூடும் என்பது போதாது. முதல் மண்வெட்டி விழுமுன் ஈடுசெய்து முடிக்கப்பட வேண்டும். அதற்குப் பணமில்லை என்று கூறும் திட்டம், தன் செலவை வறியவனிடம் கடனாகப் பெறுகின்றது. திருப்பித்தரும் எண்ணமின்றியே பெறுகின்றது.

இவை நமது நாட்டுக்குப் புறம்பான செய்திகளல்ல. முப்பதாண்டுகளில் நிறைவேற்றக் கருதிய மகாவலித் திட்டத்தை 1977இன் பின் ஆறாண்டுகளுக்குள் சுருக்கும் முயற்சி இங்கும் நடந்தது. எங்கே யாரைக் குடியேற்றுவது, யாருடைய ஊர் நீரடியிற் செல்வது என்பன அந்த வேகத்திலே தீர்மானிக்கப்பட்டன. அவற்றின் விளைவுகளை நாம் அறிவோம். குளத்தொடர்களின் நாட்டிலே வாழும் நமக்கு, தெலுங்கானாவின் மேட்டு நிலம் தொலைவிலுள்ளதன்று.

ஆசிரியராக இருக்கும் நம் வாசகர் பலரும் கீழ்வகுப்புகளில் ஒரு கணக்கைக் கற்பிப்பதுண்டு. ஒரு குழாய் தொட்டியை மூன்று மணியில் நிரப்பும். மற்றொன்று நான்கு மணியில் நிரப்பும். இரண்டையும் திறந்தால் எத்தனை மணியாகும்? பிள்ளைகள் விடை காண்பர். நாம் சரி போடுவோம். அக்கணக்கோடு நின்றுவிடாது, இன்னும் சில கேள்விகளையும் அவர்களிடம் கேட்கலாம். தொட்டி யாருடையது? நீர் எங்கிருந்து வந்தது? அதனை ஏற்றியவர் யார்? தொட்டி நிறைந்தபின் யாருடைய முற்றம் வரண்டது? இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளைகள் நாளை பொறியியலாளராகவும் அமைச்சராகவும் கமக்காரராகவும் வருவர். அப்போது 1.51 என்று ஓர் எண்ணை எவரேனும் நீட்டினால், அதனை எவ்வாறு கண்டீர் என்று கேட்கும் துணிவு அவர்களிடம் இருக்கும்.